நலமாக நிற்கும் மாடு, சாணத்தில் நச்சுக் கிருமி: வாசகர் கேள்வி – பதில்

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் வாசகர்களிடமிருந்து, மாட்டின் குடலில் வாழ்ந்து மனிதருக்கு நோய் தரும் ஈ.கோலி ஓ157 என்ற கிருமி பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 60 மாடுகள் உள்ளன. விற்பனைக்கு முன் நடந்த பரிசோதனையில் சில மாடுகளின் சாணத்தில் ஈ.கோலி ஓ157 இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. ஒரு மாட்டுக்கும் கழிச்சலோ காய்ச்சலோ இல்லை. தீவனமும் நன்றாக எடுக்கின்றன. என்ன மருந்து கொடுக்க வேண்டும்?

மருந்து எதுவும் வேண்டாம். அந்த மாடுகள் நோயாளிகள் அல்ல. இந்தக் கிருமி சுரக்கும் ஷிகா நச்சு உடலுக்குள் வேலை செய்ய, இரத்தக் குழாய்களின் உட்சுவரில் அது ஒட்டிக்கொள்ள ஒரு பற்றிடம் வேண்டும். மனிதருக்கு, குறிப்பாகச் சிறுநீரகத்தில், அந்தப் பற்றிடம் நிறைய உண்டு. மாட்டின் இரத்தக் குழாய்களில் அது இல்லை. அதனால் கிருமி குடலில் குடியிருந்தாலும் மாடு மினுமினுப்பாகவே இருக்கும்.

ஆபத்து அந்த இறைச்சியை உண்பவருக்கும், சாணம் கலந்த நீரைக் குடிப்பவருக்கும்தான். மனிதருக்கு நோய் வர 100-க்கும் குறைவான கிருமிகளே போதும். 1982-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத கொத்திறைச்சி உண்டவர்களுக்கு இரத்தக் கழிச்சல் வந்தபோதுதான் இது மனிதரைத் தாக்கும் கிருமி என்றே தெரியவந்தது. 1993-ல் அதே நாட்டில் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே, கொத்திறைச்சியில் ஓ157 இருந்தால் அது கலப்பட உணவாகக் கருதப்படும் என்று அங்கே அரசு அறிவித்தது. உங்கள் மாடுகளை வாங்குபவர் பரிசோதனை கேட்பதற்கு இந்த வரலாறுதான் காரணம்.

நோயெதிர் மருந்து ஊசி போட்டுக் கிருமியை ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மருந்து நிறுத்திய பிறகு அதே பட்டியிலிருந்து மாடு கிருமியைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளும். இடையில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும், இறைச்சியில் மருந்து எச்சமும் தங்கும்.

கேள்வி: அறிக்கையில் பெயர் வந்த மாடுகளை மட்டும் கழித்துக் கட்டிவிட்டால் மந்தை சுத்தமாகிவிடாதா?

ஆகாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு மாட்டின் சாணத்தில் இந்தக் கிருமி தொடர்ந்து வருவதில்லை. சில வாரங்கள் வரும், நின்றுபோகும், மறுபடி தொற்றினால் மறுபடி வரும். இன்று கிருமி இல்லை என்று வந்த மாடு அடுத்த மாதம் கிருமி விடலாம். இன்று மாட்டிக்கொண்ட மாடு அதற்குள் சுத்தமாகியிருக்கலாம்.

ஆனால் எல்லா மாடுகளும் ஒரே அளவில் கிருமி விடுவதில்லை. ஒரு கிராம் சாணத்தில் 10,000-க்கு மேல் கிருமி விடும் மாடுகளை ‘அதிவெளியேற்றிகள்’ என்கிறார்கள். எண்ணிக்கையில் இவை சிலவே. பட்டியின் தரையில் விழும் மொத்தக் கிருமியில் மிகப் பெரும் பங்கு இவற்றிடமிருந்தே வருகிறது. இந்த மாடுகளில் கிருமி ஒட்டிக்கொள்ளும் இடம் மலக்குடலின் கடைசிச் சில சென்டிமீட்டர். நிணத் திசுக்கள் நெருக்கமாக உள்ள அந்த உட்பரப்பில் கிருமி கூட்டமாக வளர்கிறது. கடந்துபோகும் சாணத்தின் வெளிப்புறத்தில் அப்படியே அப்பிக்கொண்டு வெளியே வருகிறது. தீவனத்தோடு உள்ளே போய்க் குடலில் தங்காமல் வெளியேறும் கிருமியின் அளவு இதன் முன் சொற்பம்.

அதிவெளியேற்றியைக் கண்ணால் கண்டுபிடிக்க வழி இல்லை. ஓர் ஆய்வக முடிவு வருவதற்குள் நிலைமை மாறியும் விடும். எனவே மாட்டைத் தேடாதீர்கள். ஒரு மாட்டின் சாணம் இன்னொரு மாட்டின் வாய்க்குப் போகும் வழிகளைத் தேடுங்கள். அவை உங்கள் கையில் உள்ளவை.

கேள்வி: பரிசோதனைக்கு எத்தனை மாதிரி, எப்படி எடுப்பது? தரையில் கிடக்கும் சாணம் போதுமா?

தரைச் சாணம் எந்த மாட்டினுடையது என்று தெரியாது. மண்ணும் மூத்திரமும் கலந்திருக்கும். மலக்குடலிலிருந்து நேரடியாக எடுப்பதே சரி. மாட்டுக்கு மாடு புதுக் கையுறை போட்டு, குறைந்தது 10 கிராம் எடுங்கள். மாதிரியை உறையவைக்கக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். மலக்குடலின் கடைசி 3 முதல் 5 செ.மீ. வரை பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தால், அங்கே ஒட்டியிருக்கும் கிருமியைப் பிடிக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். இதைக் கால்நடை மருத்துவர் செய்வதே நல்லது.

எண்ணிக்கை விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 60 மாடுகளில் 6 மாடுகள் கிருமி விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க 23 மாடுகளிடம் மாதிரி எடுக்க வேண்டும். அதுவும் ஆய்வகம் ஒரு கிருமியைக்கூடத் தவறவிடாது என்ற கணக்கில். ஐந்து மாதிரி அனுப்பிவிட்டு ‘எங்கள் பட்டியில் இல்லை’ என்று சொல்ல முடியாது.

ஆய்வகத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மாதிரியை ஊட்டநீரில் வளர்த்து, காந்த மணிகளால் கிருமியைப் பிரித்தெடுக்கிறார்களா? அது இல்லாவிட்டால் குறைந்த அளவில் உள்ள கிருமி தப்பிவிடும். இரண்டாவது, ஓ157 மட்டும் பார்க்கிறார்களா, மற்ற வகைகளுமா? சார்பிட்டால் என்ற சர்க்கரை வகை சேர்த்த வளர்ப்புத் தட்டில் ஓ157 நிறமற்ற புள்ளிகளாகத் தனித்துத் தெரியும். ஓ26, ஓ45, ஓ103, ஓ111, ஓ121, ஓ145 ஆகிய ஆறு வகைகளும் ஆபத்தானவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அந்தத் தட்டில் சாதாரண ஈ.கோலி போலவே தெரியும். நச்சு மரபணுக்களைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தால்தான் அகப்படும்.

தனி மாடு வேண்டாம், பட்டியின் நிலை தெரிந்தால் போதும் என்றால் சுத்தமான பருத்திக் கயிறுகளைப் பட்டியில் தொங்கவிட்டு, மாடுகள் நக்கிக் கடித்த பிறகு கயிற்றையே ஆய்வுக்கு அனுப்பும் முறையும் இருக்கிறது. மாட்டைப் பிடித்துக் கட்டும் வேலை மிச்சம்.

கேள்வி: எந்த வயது மாடுகளில் அதிகம்?

பால் மறந்த கன்றுகளிலும், அதிலிருந்து சுமார் இரண்டு வயது வரையுள்ள இளம் மாடுகளிலும். தாய்ப்பால் குடிக்கும் கன்றுகளில் குறைவு, முதிர்ந்த பசுக்களிலும் குறைவு. பால் மறக்கும் சமயத்தில் தீவனம் மாறுகிறது, தாயைப் பிரிகிறது, வெவ்வேறு இடத்துக் கன்றுகள் ஒரே பட்டியில் சேர்கின்றன. மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். முடிந்தால் அவற்றை இரண்டு மூன்று வார இடைவெளியில் பிரித்துச் செய்யுங்கள். இளங்கன்றுகளின் பட்டியிலிருந்து கழுவிவிடும் நீர் மற்ற பட்டிகளுக்குள் ஓடாதபடி வாய்க்கால் அமைவதும் முக்கியம்.

கேள்வி: ஆழ்குழாய்த் தண்ணீர்தான் கொடுக்கிறோம். தொட்டியில் குளோரினும் போடுகிறோம். அதற்கு மேல் தண்ணீரில் என்ன பிரச்சினை இருக்க முடியும்?

குழாயில் வரும் தண்ணீர் சுத்தமாக இருக்கலாம். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். தீவனம் தின்ற வாயோடு மாடு வந்து குடிக்கும்போது எச்சிலும் தீவனத் துணுக்கும் உள்ளே விழும். சில மாடுகள் முன்காலைத் தொட்டிக்குள் வைக்கும். பின்பக்கமாகத் திரும்பி நின்று சாணமும் போடும். இவையெல்லாம் அடியில் வண்டலாகப் படிகின்றன. மேலே தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருந்தாலும் அந்த வண்டலில் ஓ157 ஆறு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். மாடு மூக்கை ஆழமாக விட்டுக் குடிக்கும்போது கலங்கி மேலே வரும்.

குளோரின் இங்கே தோற்றுப்போவது இதனால்தான். கரிமப் பொருள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு குளோரினை அது தின்றுவிடும். திறந்த தொட்டியில் வெயிலும் அதைச் சிதைக்கும். அழுக்குத் தொட்டியில் குளோரின் ஊற்றுவது பணத்தை ஊற்றுவதுதான்.

செய்ய வேண்டிய வரிசை இது. வாரம் ஒரு முறை, வெயில் காலத்தில் இரண்டு முறை, அடைப்பானைத் திறந்து தண்ணீரை முழுவதும் வெளியேற்றுங்கள். வெளியேறும் நீர் பட்டிக்குள் தேங்கக் கூடாது, வடிகாலுக்குப் போக வேண்டும். வண்டலை அள்ளி வெளியே போடுங்கள். கடினமான தூரிகையால் சுவரின் வழவழப்பு போகும் வரை தேயுங்கள். கையால் தடவினால் கொழகொழவென்று வழுக்கக் கூடாது, அந்தப் படலத்துக்குள்தான் கிருமி ஒளிந்துகொள்கிறது. அலசிய பிறகே கிருமிநாசினி. 5 சதவீதச் சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. வீதம் கலந்து எல்லாப் பரப்பிலும் பூசி 10 நிமிடம் விட்டு அலசுங்கள். அதை அமிலம் கலந்த எந்தக் கழுவு திரவத்தோடும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். முடிந்தால் தொட்டி காயும் வரை வெயிலில் விட்டு, பிறகு நிரப்புங்கள்.

தொட்டியின் விளிம்பு பெரிய மாடுகளுக்குச் சுமார் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் சாணம் விழுவது குறையும். கன்றுகளுக்கு எட்டும்படி தனித் தொட்டி வையுங்கள். தொட்டியைச் சுற்றிச் சாய்வான காங்கிரீட் தளம் போட்டால் சேறு சேராது. தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும், தொட்டியை மட்டும் சுத்தம் செய்து மந்தையில் கிருமியை அடக்கிவிடலாம் என்று நம்ப வேண்டாம். தண்ணீர் ஒரு வழி. தரை, மாடுகள் ஒன்றையொன்று நக்குவது என்று மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன.

கேள்வி: தானியத் தீவனத்தை நிறுத்தி வைக்கோல் மட்டும் கொடுத்தால் கிருமி போய்விடும் என்று படித்தோம். உண்மையா?

1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பரவிய கருத்து இது. தானியம் தின்ற மாடுகளை ஐந்து நாள் உலர்புல்லுக்கு மாற்றியபோது, அமிலத்தைத் தாங்கும் ஈ.கோலி வெகுவாகக் குறைந்தது. அந்த ஆய்வு பார்த்தது பொதுவான ஈ.கோலியை. ஓ157-ஐ வைத்துப் பின்னர் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. சிலவற்றில் உலர்புல் தின்ற மாடுகளே அதிக நாள் கிருமி விட்டன. கடைசி நேரத்தில் தீவனத்தை மாற்றினால் எடையும் குறையக்கூடும். இந்த ஒரு காரணத்துக்காக மாற்றச் சொல்ல மாட்டோம்.

தீவனத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. மக்காச்சோளத்தைவிட பார்லி தின்ற மாடுகள் கூடுதலாகக் கிருமி விட்டதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மக்காச்சோள மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்கே புளித்து அமிலத்தைக் கூட்டுகிறது, அது கிருமிக்குப் பிடிக்கவில்லை என்பது சொல்லப்படும் விளக்கம். சாராய ஆலையில் மிஞ்சும் ஈரத் தானியச் சக்கையை உலர்பொருள் கணக்கில் 40 சதவீதம் சேர்த்தபோது ஓ157 உயர்ந்தது. 20 சதவீதத்தில் அப்படித் தெளிவான உயர்வு தெரியவில்லை. இதிலும் எல்லா ஆய்வுகளும் ஒரே திசையில் இல்லை. ஆனாலும் சக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று பாதிக்குப் பாதி கலப்பது சரியல்ல.

பட்டினி மிக மோசம். தீவனம் நின்றால் இரைப்பையில் கொழுப்பு அமிலங்கள் குறையும், அதுவரை அடங்கியிருந்த ஈ.கோலி எழும். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் 10 முதல் 14 நாள் எடுத்து, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று, பலர் கண்ணில் படாதது. சாணம் அள்ளும் அதே வாளியாலும் அதே டிராக்டர் வாரியாலும் தீவனம் அள்ளாதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில்தான் பிரச்சினை கூடுமா? பட்டியில் சேறு தவிர்க்க முடியவில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை, மிதவெப்ப நாடுகளில் கோடையிலும் அதை ஒட்டிய வாரங்களிலும் கிருமி உச்சத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் குறைகிறது. சேறு தனிக் காரணம். எந்தப் பருவமானாலும் சேறான பட்டிகளில் கிருமி விடும் மாடுகளின் விகிதம், உலர்ந்த பட்டிகளைவிட அதிகம். சாணம் காய்ந்து வெயில் பட்டால் கிருமி சாகும். ஈரத்தோடு மூடிக் கிடந்தால் மாதக்கணக்கில் பிழைக்கும்.

பட்டித் தரைக்கு 100 அடிக்கு 3 முதல் 4 அடி சரிவு கொடுங்கள். நடுவில் மண்மேடு அமைத்தால் மாடுகள் அதன் மேல் படுக்கும். தீவனத் தொட்டி ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும்தான் முதலில் குழி விழும், அங்கே கல் பரப்புங்கள். இவையெல்லாம் செய்தும் சேறு போகாவிட்டால் பட்டியில் மாடு கூடிப்போயிற்று என்று பொருள். மாட்டைக் குறைப்பதுதான் வழி.

கேள்வி: புது மாடுகளை வாங்கிச் சேர்க்கிறோம். ஆடுகளும் இருக்கின்றன. பறவைத் தொல்லையும் உண்டு. இவை காரணமா?

மூன்றும் காரணமாகலாம். வெளியிலிருந்து வரும் மாடு உங்கள் பட்டியில் இல்லாத கிருமி வகையைக் கொண்டுவரும். தனிப்பட்டியில் மூன்று நான்கு வாரம் வைப்பது மற்ற நோய்களுக்காகவும் அவசியம். ஆனால் ஓ157-க்கு அது முழுக் காப்பு இல்லை, கிருமி விட்டுவிட்டு வருவதால். அதைவிடப் பயன் தருவது ஒரு குழுவாக வந்த மாடுகளை இறுதிவரை அதே குழுவாக வைத்திருப்பது. ஆடுகளும் மான்களும் இதே கிருமியைச் சுமக்கும். பறவைகளும் ஈக்களும் ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்குக் கடத்தும். தீவனக் கிடங்குக்கு வலை அடியுங்கள், சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டி அள்ளுங்கள்.

கேள்வி: தடுப்பூசி இருக்கிறதாமே? நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடி பயன் தருமா?

மாட்டுக்கான ஓ157 தடுப்பூசி 2008-ல் கனடாவில் அனுமதி பெற்றது. 2009-ல் வேறு வகைத் தடுப்பூசி ஒன்றுக்கு அமெரிக்காவில் நிபந்தனை அனுமதி கிடைத்தது. மூன்று வார இடைவெளியில் மூன்று தவணை போட்டபோது கிருமி விடும் மாடுகளும் சாணத்தில் கிருமியின் அளவும் குறைந்தன. இருந்தும் இவை பரவலாகவில்லை. மாட்டுக்கு நோயே வராத ஒன்றுக்காக மூன்று முறை மாட்டைப் பிடித்து ஊசி போடும் செலவை வளர்ப்பவர் ஏற்கிறார், பலன் உண்பவருக்குப் போகிறது. அந்தச் செலவை இறைச்சி வாங்கும் நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதே நியாயம் என்பது எங்கள் கருத்து.

நுண்ணுயிர்ப் பொடிகளில் நல்ல சான்று உள்ளது லாக்டோபேசில்லஸ் அசிடோபிலஸ் வகையின் என்பி51 என்ற இனம். மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கோடி உயிரணுக்கள் வீதம், கொழுக்க வைக்கும் காலம் முழுவதும் கொடுத்தபோது கிருமி விடும் மாடுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இனத்தின் பெயரும் உயிரணு எண்ணிக்கையும் அச்சிடாத பொட்டலத்தை வாங்காதீர்கள். வெயிலில் வைத்தாலோ சூடான தீவனத்தில் கலந்தாலோ அதில் உயிர் இருக்காது.

கேள்வி: இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பும் முன் மாடுகளைக் குளிப்பாட்டினால் போதுமா?

இறைச்சியில் கிருமி ஏறுவதில் பெரும்பங்கு தோலிலிருந்துதான், நீங்கள் தோலைக் கவனிப்பது சரி. ஆனால் ஈரத் தோலோடு வண்டியில் ஏற்றினால் மாட்டுக்கு மாடு கிருமி இன்னும் எளிதாகப் பரவும். அனுப்பும் முன் சில நாட்கள் உலர்ந்த படுக்கையில் வைத்து, தொடையிலும் வயிற்றடியிலும் ஒட்டிய சாணக்கட்டிகளை முடியோடு கத்தரித்து எடுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் முந்தைய நாளே கழுவி முழுவதும் காயவிடுங்கள்.

பண்ணையில் சுத்தமாக இருந்த தோல் வழியில் கெட்டுப்போவது சாதாரணம். வண்டியின் தரையையும் பக்கப் பலகைகளையும் கழுவி, கிருமிநாசினி அடித்து, காய்ந்த பிறகே ஏற்றுங்கள். இறைச்சிக்கூடத்தின் காத்திருப்புப் பட்டியில் முந்தைய மந்தையின் சாணம் கிடக்கும். அங்கே மாடு நிற்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இறைச்சிக்கூடத்தோடு நேரம் பேசிவைத்துப் புறப்படுங்கள்.

கேள்வி: சாண எருவைக் காய்கறிப் பாத்திக்குப் போடலாமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை கன்றுகளோடு விளையாடுகிறது. பயப்பட வேண்டுமா?

பச்சைச் சாணத்தைப் பச்சையாகத் தின்னும் காய்கறிகளுக்குப் போடாதீர்கள். போட்டுவிட்டால், மண்ணைத் தொட்டு விளையும் காய்கறிகளுக்கு அறுவடை வரை குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும். மக்கவைப்பதே மேல். குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும். அந்த நாட்களில் ஐந்து முறை புரட்டி, வெளிப்புறம் உள்ளே போகும்படி செய்ய வேண்டும். நீளமான வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகிப் பாருங்கள், கை வைத்துச் சூட்டைக் கணிக்காதீர்கள். புரட்டாமல் கிடக்கும் குவியலில் இந்தக் கிருமி பல மாதம் பிழைத்திருக்கும்.

குழந்தை விஷயத்தில் கவனம் வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டோரைத்தான் இது கடுமையாகத் தாக்குகிறது. கன்றைத் தொடுவதைவிட, தொட்ட கை வாய்க்குப் போவதே ஆபத்து. கொட்டகையில் எதையும் தின்னக் கூடாது. வெளியே வந்ததும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி கழுவ வேண்டும். சாணக் கையில் சானிடைசர் பலிக்காது. கொட்டகைச் செருப்பு வீட்டுக்குள் வரக் கூடாது.

தொற்று ஏற்பட்டு மூன்று நான்கு நாளில் வயிற்று வலியும் கழிச்சலும் வரும், பிறகு கழிச்சலில் இரத்தம் தெரியும். உடனே மருத்துவரிடம் போய், வீட்டில் மாடு இருப்பதை நீங்களே சொல்லுங்கள். கழிச்சலை நிறுத்தும் மாத்திரையும் நோயெதிர் மருந்தும் வீட்டில் தாமாகக் கொடுக்கக் கூடாது, சிறுநீரகப் பாதிப்பை அவை கூட்டக்கூடும். நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. கழிச்சல் தொடங்கி ஒரு வாரம் ஆகும் நேரத்தில், அதாவது கழிச்சல் தணிந்து குழந்தை தேறுவதுபோல் தோன்றும்போதே அது தலைகாட்டும். முகம் வெளுப்பது, சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது தெரிந்தால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: குடலைத் தாக்கும் மற்றொரு கிருமியான சால்மோனெல்லாவுக்கும் இதே முறைகள்தானா?

தண்ணீர், சேறு, கூட்டம், புது மாடு ஆகியவற்றில் செய்யச் சொன்ன அனைத்தும் அதற்கும் பொருந்தும். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சால்மோனெல்லா மாட்டையும் நோயில் தள்ளும். காய்ச்சல், கழிச்சல், கன்று வீச்சு வந்தால் அந்த மாட்டைப் பிரித்து வைத்து உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். டப்ளின் என்ற வகையில் பிழைத்த மாடு நெடுங்காலம் கிருமி சுமந்து விட்டுவிட்டு வெளியேற்றும். எனவே அங்கே மட்டும், திரும்பத் திரும்பப் பரிசோதித்து, தொடர்ந்து கிருமி விடும் மாட்டை மந்தையிலிருந்து கழிப்பது பலன் தரும்.